தரங்கம்பாடி ஆலய முகப்பில் ஒரு முத்திரை

தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே சென்று ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறையைப் பார்ப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், அப்புறம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். முகப்பை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே கிரீடம் வைத்த ஒரு முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரை அது. ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட அக்டோபர் 11, அவருடைய பிறந்தநாளும்கூட. அந்த நாளில் இந்த அரசருக்கு இரண்டு மனைவிகள் உயிரோடு இருந்தார்கள்.

இதை ஒரு கேஸாக எடுத்து அலசவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். காரணம், நான் முன்பு போய்வந்த ஒரு சபையில் நடந்த விஷயம். கட்டட நிதிக் கணக்கைப் பற்றி ஒருவர் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். உடனே மூப்பர் ஒருவர் எழுந்து, "தாவீது தப்பு பண்ணலையா? கர்த்தர் அவரை எடுத்துப் பயன்படுத்தலையா? அபிஷேகம் பெற்றவர்மேல கை வைக்காதீங்க தம்பி" என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். கணக்கு இன்றுவரை வரவில்லை. தேவன் குறையுள்ளவர்களைக் கொண்டும் தம் சித்தத்தை நடத்துவார் என்பதை நானும் நம்புகிறேன். வேதாகமத்தில் குறையில்லாத தலைவரைத் தேடினால் விரல்கள் மிச்சமாகும். ஆனால் அந்த நம்பிக்கையை யார் வாயில் எடுக்கிறார்கள், எதை மூடுவதற்கு எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தரங்கம்பாடிக் கதை இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். நல்ல பலன் என்ன, யார் யார் என்ன தப்பு செய்தார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள், மூன்றுமே கணிசமாகப் பதிவாகியிருக்கிறது.

அரசரிடமிருந்து தொடங்குவோம். 1699ல் பட்டத்துக்கு வந்தவர். 1695லேயே லூயிஸ் என்ற மெக்லன்பர்க் இளவரசியோடு கல்யாணம் ஆகிவிட்டது. 1703ல், அரசி உயிரோடு இருக்கும்போதே, எலிசபெத் ஹெலேன் ஃபோன் ஃபீரெக் என்ற பெண்ணை மணந்துகொண்டார். அந்தப் பெண் அடுத்த ஆண்டே பிரசவத்தில் இறந்துபோனார். 1712ல் இன்னொன்று: ஆன்னா சோஃபி ரெவென்ட்லோ என்ற 19 வயதுப் பெண்ணைக் கிளவுஸ்ஹோம் மாளிகையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மணந்தார். அப்போது அவருக்கு வயது 40. அரசி லூயிஸ் 1721 மார்ச்சில் இறந்தார். மூன்று வாரம்கூட முழுதாக ஆகாத நிலையில், ஏப்ரல் 4ஆம் தேதி, ஆன்னா சோஃபியை மறுபடி முறைப்படி மணந்து அரசியாக்கினார். ஊரில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் டென்மார்க் சட்டம் சும்மா விட்டிருக்காது. ஆனால் 1665ல் எழுதப்பட்ட அரசச் சட்டப்படி, அரசருக்கு மேலே மனிதச் சட்டம் எதுவும் கிடையாது. அந்தச் சட்டம் அவரைக் கட்டிப்போட்ட சில விஷயங்களில் முதலாவது, லுத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை அவர் கைவிடக்கூடாது என்பது. இந்த அறிக்கையை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த மனிதர்தான் 1705ல், என் ஆளுகைக்குட்பட்ட கிழக்கிந்திய ஊருக்கு யாராவது போய்ச் சுவிசேஷம் சொல்லவேண்டும் என்று கிளம்பினார். 1620லிருந்து டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் இருந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம், மிளகு, துணி, ஒரு கோட்டை, தங்களுக்கென்று ஒரு சீயோன் ஆலயம், எல்லாம் இருந்தது. 85 வருஷத்தில் அந்த ஊர் மக்களுக்குச் சொல்வதற்கு மட்டும் ஆள் இல்லை. 1704ல் பெர்லினிலிருந்து கோபன்ஹேகன் அரண்மனைக்கு வந்த குருவானவர் லூட்கென்ஸிடம் ஆள் தேடும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அதே 1704ல்தான் ஃபீரெக் இறந்தார். மனச்சாட்சி குத்தித்தான் அரசர் இதைச் செய்தாரா என்று தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கிற யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் குத்தியிருந்தால் 1712ல் மறுபடியும் அதையே ஏன் செய்தார்? அந்த வாதத்தை நான் ரொம்ப தூரம் இழுக்க மாட்டேன். மனுஷனுக்குள் பக்தியும் பாவமும் பக்கத்துப் பக்கத்து அறையில் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் குடியிருக்க முடியும் என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டாம். 1714ல் மிஷனுக்கென்று கோபன்ஹேகனில் ஒரு சங்கத்தையே ஏற்படுத்தினார். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்த 19 வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஹாலே பக்தி இயக்க வட்டாரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. கோபன்ஹேகனில் அபிஷேகம் பெற்று, 1705 நவம்பர் கடைசியில் சோஃபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறி, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள்.

கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. கரையிறங்கவே சில நாள் விடவில்லை. இறங்கிய பிறகும் கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஹாசியஸை வில்லனாக்கிப் பேசுவது நம் சபைகளில் வழக்கம். அவர் பக்கம் கொஞ்சம் நின்று பார்த்தால், டென்மார்க் கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரத்துக்காக இருக்கிறது, உள்ளூர்க்காரர்களையும் கத்தோலிக்கரையும் பகைத்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும், அரசர் எங்கோ இருந்து அனுப்பிய இரண்டு இளைஞர்கள் வாரம் ஒரு சண்டை இழுக்கிறார்கள். அவருடைய எரிச்சல் புரிகிறது. அவர் செய்தது சரி என்று ஆகாது, அவ்வளவுதான்.

ஏனென்றால் சீகன்பால்கும் சண்டை இழுத்தார். இதை மறைக்கத் தேவையில்லை. உடம்பு சரியில்லாதவர், மனச்சோர்வு வந்துவந்து போகிறவர், முன்கோபி, பிடித்த பிடியை விடாதவர். 1709ல் வந்து சேர்ந்த போவிங் என்ற சக மிஷனரிக்கும் அவருக்கும் ஒத்தே வரவில்லை. வந்த புதிதில், ஒரு கோயிலருகே இருந்த மண் சிலைகள் சிலவற்றின் தலையை உடைத்ததாக அவரே ஊருக்குக் கடிதம் எழுதுகிறார். பெருமையாகவே எழுதுகிறார். அந்த இடத்தில் இருந்த ஒருவர், இவை சாமிகள் இல்லை, சாமியின் காவல்காரர்கள் என்று விளக்கிச் சொன்னதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார். அந்த இரண்டாவது பாதியை எழுதிவைத்ததில்தான் பின்னால் வரப்போகிற சீகன்பால்கு எனக்குத் தெரிகிறார்.

மொழி கற்ற கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். போர்த்துகீசியம் தெரிந்த அழகப்பன் என்ற முதியவர் அவருக்குத் துணையாகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரண்டு வருஷத்துக்குள் ஓலைச்சுவடிகளைத் திரட்டி, படித்து, பட்டியல் போட்டார். 1708ல் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். தலையை உடைத்த அதே கைதான்.

இதற்கு விலை கொடுத்தவர் அழகப்பன். அவரை ஊரைவிட்டு விரட்டினார்கள். தஞ்சை அரசின் ஆட்கள் பிடித்துச் சிறையிலும் போட்டார்கள். மிஷன் வரலாற்றில் சீகன்பால்கு சிறை என்றால் எல்லாருக்கும் தெரியும். அழகப்பன் சிறையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

முதல் ஞானஸ்நானமும் இப்படித்தான். 1707 மே மாதம், ஐந்து பேர். ஐவரும் டென்மார்க்காரர்களின் வீட்டு அடிமைகள். தொடக்கமே அங்கேதான். ஒரு கிறிஸ்தவ அரசரின் கொடிக்குக் கீழே, ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிற எஜமான்களின் அடிமைகள்.

சரி, சீகன்பால்கு சிறைக்கு வருவோம், இந்த கேஸின் நடுப்பகுதி அதுதான். 1708ல் ஒரு நாவிதரின் விதவை அவரிடம் உதவி கேட்டு வந்தாள். செத்துப்போன புருஷனுக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே கடன் தகராறு. சீகன்பால்கு அவளுக்காகப் பேசப் போனார். ஹாசியஸ் இதைக் கலகமாக எடுத்துக்கொண்டார். நவம்பர் 19ஆம் தேதி கைதுசெய்து கோட்டைக்குள் அடைத்தார், 1709 மார்ச் 26 வரை, நான்கு மாதத்துக்கு மேல். ஆரம்பத்தில் பேனா, காகிதம்கூடக் கிடையாது. பிறகு கிடைத்தபோது உட்கார்ந்து புத்தகம் எழுதினார். அக்டோபரில்தான் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார், அது பாதியில் நின்றது. வெளியே வந்ததும் மறுபடி எடுத்து, 1711 மார்ச் 31ல் முடித்தார்.

இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது நம் ஆட்கள், "பார்த்தீர்களா, ஹாசியஸின் கொடுமையைக்கூட தேவன் நன்மைக்குப் பயன்படுத்தினார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விதவை? அவள் நமக்கு 'நாவிதரின் விதவை' மட்டும்தான். சிறைக்குப் போன தேதி, வந்த தேதி நமக்குத் தெரியும், அவள் பெயர் எந்தப் பிரசங்கத்திலும் வருவதில்லை. அந்த நான்கு மாதமும் கடன்காரர் அவள் வாசலில்தானே நின்றிருப்பார்? தேவ சித்தம் என்ற கணக்கை எழுதும்போது அவளுடைய வரவு செலவையும் சேர்த்து எழுதவேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

அடுத்து அச்சு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் உண்டு. லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தார் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பினார்கள். வழியில் பிரேசில் கரையோரம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் கிடந்த இயந்திரம் தப்பியது, ஆனால் கூட வந்த அச்சுக்காரர் தரங்கம்பாடியைப் பார்க்காமலே வழியில் இறந்துவிட்டார். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை, தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினார்கள். 1714ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகி வந்தன. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். 1715ல் ஐரோப்பாவுக்குப் போயிருந்த சீகன்பால்கு, அரசரைச் சந்தித்தது அரண்மனையில்கூட இல்லை. ஸ்டிரால்சுண்ட் முற்றுகையில் போர்ப் பாசறையில் சந்தித்தார். இரண்டு மனைவிக்காரர் போர்க்களத்தில் உட்கார்ந்து தமிழ் மிஷனைப் பற்றிப் பேசிய காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கெட்டவர்கள் மட்டும் இடைஞ்சல் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1713ல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, மக்களிடமே கேட்டு, சுவடிகளைப் படித்து, ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஹாலே பக்தி இயக்கத்தின் தலைவர் பிராங்கே, பக்திமானிலும் பக்திமான், அதை அச்சுக்கு விடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஏன் இங்கே கொண்டுவந்து பரப்பவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த நூல் 1867ல்தான் வெளிவந்தது, அதுவும் சென்னையில். இன்னொருவர் வெண்ட், கோபன்ஹேகன் மிஷன் சங்கத்தின் செயலாளர். அப்போஸ்தலர்கள் கட்டடமா கட்டினார்கள், பள்ளிக்கூடமா நடத்தினார்கள், நீங்கள் ஏன் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பணம் செலவழிக்கிறீர்கள் என்று கடுமையாக எழுதிக்கொண்டே இருந்தார். தரங்கம்பாடியைக் கண்ணால் பார்க்காதவர். அந்தக் கடிதங்கள் ஏற்கெனவே நொந்திருந்த உடம்பையும் மனசையும் உடைத்தன. 1719 பிப்ரவரி 23ல் சீகன்பால்கு இறந்தார், வயது 36. இந்தக் கேஸில் அரசருடைய ஒழுக்கக்கேட்டைவிட வெண்டின் பரிசுத்த வைராக்கியம்தான் மிஷனுக்கு நேரடியாகக் கூடுதல் சேதம் செய்தது என்று நான் நினைக்கிறேன். குறையுள்ள தலைவர் என்றதும் நமக்குப் பெண் விவகாரமும் பண விவகாரமும் மட்டும் நினைவுக்கு வருவது போதாது.

இப்போது மூப்பர் சொன்ன தாவீதுக்கு வருகிறேன். தாவீதை எடுப்பவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பத்சேபாளுக்காக அவள் புருஷன் உரியாவைக் கொன்றபின் நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய் "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீது அபிஷேகம் பெற்றவர், அதனால் பேசக்கூடாது என்று நாத்தானை யாரும் தடுக்கவில்லை, தாவீதே தடுக்கவில்லை. பட்டயம் வீட்டைவிட்டு விலகாது என்று தீர்ப்பு வந்தது, வந்தபடி நடந்தது. அதைவிட முக்கியம் மத்தேயு முதல் அதிகாரம். இயேசுவின் வம்ச வரலாற்றில் பத்சேபாள் என்று பெயர் எழுதாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே எழுதியிருக்கிறது. வம்சம் தொடர்ந்தது, சித்தம் நிறைவேறியது, கொலையுண்டவனின் பெயர் மட்டும் அழிக்கப்படவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதை வாசிக்கிறோம்.

"அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்காதே" என்பதையும் முழுசாகப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. தன்னைக் கொல்லத் துரத்திய அரசர் சவுல் குகைக்குள் கையில் கிடைத்தபோது தாவீது அவரைக் கொல்லவில்லை, வாஸ்தவம். ஆனால் வெளியே வந்து, வெட்டிய வஸ்திரத் துண்டைத் தூக்கிக் காட்டி, சவுலோடு வந்த மூவாயிரம் பேர் இருந்த இடத்தில், நீர் எனக்குச் செய்தது அநியாயம் என்று உரக்கச் சொன்னார். பட்டயத்தைத்தான் கீழே வைத்தார், வாயை மூடவில்லை. கணக்கு கேட்ட அந்தத் தம்பி பட்டயம் எடுத்துவரவில்லை.

அப்புறம் யோசேப்பு. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தொடங்கி, தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று முடிக்கிறவர் யார்? குழியில் தள்ளப்பட்டவர், விற்கப்பட்டவர். தள்ளிய அண்ணன்மார் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. அவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான யூதா எழுந்து நின்று, "விடுங்கப்பா, நாங்க வித்ததாலதானே இன்னைக்கு நீ எகிப்துல அதிகாரி" என்று சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? பல சபைகளில் இன்று அந்த யூதாவின் குரல்தான் மைக்கில் கேட்கிறது. தீமையை தேவன் நன்மையாக்கினார் என்ற வாக்கியம் பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தமானது, அவர் சொல்லும் நாளில் சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் அவர் இஷ்டம்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஆக்ஸ்பர்க் அறிக்கை இப்போது. 1530ல் எழுதப்பட்டது, இன்றுவரை லுத்தரன் சபைகளுக்கு அடித்தளம். அதன் எட்டாவது பிரிவு நேராக நம் கேள்விக்கே பதில் சொல்கிறது: சபையில் மாயக்காரரும் கெட்டவர்களும் கலந்திருப்பார்கள், ஆனாலும் கெட்டவர் கையால் கொடுக்கப்பட்டாலும் ஞானஸ்நானம், நற்கருணை என்ற திருவருட்சாதனங்கள் செல்லும், ஏனென்றால் அவற்றின் வல்லமை கிறிஸ்துவின் கட்டளையிலிருந்து வருகிறது. கொடுக்கிற கையைப் பார்க்காதே, கொடுக்கப்படுவதைப் பார். வாங்குகிறவருக்காக எழுதப்பட்டது இது. போதகர் கெட்டவர் என்று பிறகு தெரியவந்தால், நான் வாங்கிய ஞானஸ்நானம் வீண்தானோ என்று ஒரு ஏழை விசுவாசி கலங்கக்கூடாது. அதற்குத்தான் இந்தப் பிரிவு. கெட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கலாம் என்று அதில் இல்லை. அதே சீர்திருத்தவாதிகள் அடுத்து எழுதிய விளக்கத்தில், பொல்லாத போதகர்களை விட்டு விலகவேண்டும் என்றும் எழுதினார்கள்.

இந்தக் கோட்பாடு முகப்பில் முத்திரை வைத்த அரசருக்கு நன்றாகவே உதவியது. இரண்டு மனைவிக்காரர் அனுப்பிய மிஷன்தானே என்று ஒருவரும் சீகன்பால்கு கொடுத்த அப்பத்தைத் தள்ளவில்லை, அது சரிதான்.

அதே கோட்பாடு உதவாத ஒருவரும் இருந்தார், ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரர் என்ற படை அதிகாரி, பறையர் சமூகத்தில் பிறந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் அடங்கிய புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது, வாசித்தார், வாசித்ததாலேயே வந்து சேர்ந்தார். அடி, மிரட்டல் எல்லாவற்றையும் தாங்கித் தஞ்சைப் பக்கம் சபையைக் கட்டிய, குருப்பட்டம் இல்லாத உபதேசியார். 1733ல் ஆரோன் முதல் தமிழ்க் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1741ல் இரண்டாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்ப மாட்டார்கள், அந்தத் திருவிருந்தின் மதிப்பே குறைந்துவிடும் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். தியோகு என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. ராஜநாயக்கன் உபதேசியாராகவே தொடர்ந்தார்.